கோட்டுக்கு மேலே எழுதியது

புதிதாக மெர்ச்சண்டைசிங் சீட்டில் உட்கார்ந்திருக்கும் கண்ணுகளா, நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது எனக்குத் தெரியும். போன மாதம் எனக்கு ஓய்வு கொடுத்து வழியனுப்பிய அன்றைக்கு, என் கம்ப்யூட்டரில் நோட்பேட் மட்டும் பதினேழு திறந்து கிடந்ததை ஒருத்தி பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, இன்னுமா இதுல எழுதறீங்க?" என்று கேட்டாள். மற்றவர்கள் வாயில் கேக்கை வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் எனக்கு அன்றைக்குப் பதில் சொல்ல நேரம் கொடுக்கவில்லை. மாலையைப் போட்டு, பொன்னாடையைப் போர்த்தி, வேனில் ஏற்றி ஊத்துக்குளிக்கு அனுப்பிவிட்டீர்கள். ஆகவே பதிலை இப்போது எழுதுகிறேன். நோட்பேடில்தான் எழுதுகிறேன்.

இருபத்தாறு வருஷம், வெளிநாட்டில் நம் துணியை வாங்கும் பையருக்கு நான் எழுதிய ஒவ்வொரு வரியும் முதலில் அந்த வெள்ளைப் பெட்டியில் பிறந்ததுதான். அங்கே எழுதி, காப்பி எடுத்து, மெயிலோ வாட்ஸப்போ பையரின் இணையப் போர்ட்டலோ, எங்கே வேண்டுமோ அங்கே ஒட்டுவேன். காரணம் இருக்கிறது. ஒரு தடவை நேராக மெயிலிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். கை தவறி ஏதோ இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கிவிட்டேன். "டியர் ஹெல்கா, நீங்கள் ஒரு" என்கிற அளவில் மெயில் கிளம்பிப் போய்விட்டது. ஹெல்கா என்றால் நம்மிடம் குழந்தைத் துணி வாங்கும் கம்பெனியில் என் எதிர் சீட்டுக்காரி, ஐரோப்பாவில் இருப்பவள். ஐந்து நிமிஷத்தில் அவளிடமிருந்து பதில் வந்தது: "நான் ஒரு என்ன?"

அன்றைக்குப் பிடித்தேன் நோட்பேடை. அதில் எந்தப் பட்டனை அமுக்கினாலும் எதுவும் எங்கேயும் போகாது. சிவப்புக் கோடு போட்டு என் இங்கிலீஷைக் குறை சொல்லாது. பத்து நிமிஷம் யோசித்தாலும் போர்ட்டல் மாதிரி "நேரம் முடிந்தது" என்று கதவைச் சாத்தாது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

பிடித்துப்போனதால் அதில் இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பதிலையும் இரண்டாக எழுதுவேன். நடுவில் சமக்குறிகளை வரிசையாகத் தட்டி ஒரு கோடு. கோட்டுக்கு மேலே தமிழில், மனசில் இருப்பதை அப்படியே கொட்டுவேன். கோட்டுக்குக் கீழே இங்கிலீஷில், தயவுசெய்து, அன்புகூர்ந்து, தங்கள் மேலான கவனத்துக்கு என்று எழுதுவேன். கீழ்ப் பாதியை மட்டும் மவுஸால் இழுத்து, காப்பி எடுத்து, ஒட்டுவேன். மேல் பாதி யாருக்கும் போகாது. மேலே திட்டித் தீர்த்தால்தான் கீழே மரியாதை வரும். இத்தனை வருஷம் பையர்களிடம் எனக்கு நல்ல பெயர் இருந்ததற்கு அந்த மேல் பாதிதான் காரணம் என்று கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாலு வருஷம் இருக்கும். ஹெல்கா கம்பெனியிலிருந்து கைக்குழந்தைச் சட்டை ஆர்டர் ஒன்று. நிறத்துக்கு அவர்கள் வைத்த பெயர் வெண்ணெய். வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிக்காரிக்கு வெண்ணெய் நிறத்தில் ஆர்டர்! ஆபீஸே என்னைக் கிண்டல் செய்தது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அந்த ஆர்டரை நல்லூரில் மரியசெல்வியின் யூனிட்டில் தைப்பதாகப் பேச்சு. மரியசெல்வி தென்காசிப் பக்கத்திலிருந்து டெய்லராக வந்து, சொந்தமாக யூனிட் போட்டவள். முப்பது பேர் தைக்கிறார்கள். முந்தின ஆர்டர் முடிந்து மூன்று வாரமாக அவளுக்கு வேலை இல்லை. இந்த வெண்ணெய் வரும் என்று நான் கொடுத்த வாக்கை நம்பித்தான் அந்த முப்பது பேரையும் வேறு யூனிட்டுக்குப் போகவிடாமல் பிடித்துவைத்திருந்தாள். நம் ஊரில் டெய்லர் ஒரு தடவை வேறு கம்பெனி கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் திரும்ப வரமாட்டார். ஆர்டர் போனால் அவள் யூனிட் அதோடு போச்சு.

துணிக்குச் சாயம் போடும் முன்னால் லேப் டிப் அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சின்னத் துண்டுக்குச் சாயம் ஏற்றி அனுப்புவோம். பையர் நிறத்துக்கு அளவுகோலாகத் தன்னிடம் வைத்திருக்கும் ஸ்டாண்டர்ட் துண்டோடு வைத்துப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் மொத்தத் துணியும் சாயத்தில் இறங்கும். அந்த ஸ்டாண்டர்டில் பாதியை வெட்டி நமக்கும் கொடுத்திருப்பார்கள்.

முதல் டிப் அனுப்பினோம். "சிவப்பு ஒரு பொட்டு கூடுதல்" என்று ஹெல்கா எழுதினாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கண்ணுக்கு அது அச்சு அசலாக இருந்தது. இருந்தாலும் சாயப்பட்டறை மாஸ்டர் பஷீர் பாயிடம் சொல்லி, சிவப்பைக் குறைத்து இரண்டாவது அனுப்பினேன். "இது வேறு நிறமாகவே இருக்கிறதே, மஞ்சள் மிக அதிகம், என்ன செய்தீர்கள்?" என்று பதில்.

பஷீர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெசிபில செவப்ப ஒரு சொட்டுத்தாம்மா கொறச்சேன். மஞ்சளத் தொடவே இல்ல. அல்லா மேல ஆணையா தொடல."

இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். இந்தத் தொழிலில் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரிந்த வேலை அது. முதல் டிப்பில் மிச்சம் இருந்த துண்டை எடுத்து, புது லேபிள் ஒட்டி, மூன்றாவது என்று நம்பர் போட்டு அனுப்பிவிட்டேன். பழைய துண்டு, புது நம்பர். பையரின் கண் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிற குறும்பு. ஒரு நாள் காலையில் ஆபீஸுக்கு வந்து பார்த்தால், ராத்திரியே ஹெல்காவின் பதில் வந்து கிடந்தது. எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: "இது கிட்டவே வரவில்லை. நீங்கள் முதலில் அனுப்பியதே எவ்வளவோ தேவலை. அதை விட்டு ஏன் விலகிப் போகிறீர்கள்?"

அடியாத்தி! மூன்றாவதே முதலாவதுதானே!

அதோடு இன்னொரு வரியும் இருந்தது. அன்று மாலைக்குள் நிறம் முடிவாகாவிட்டால் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றச் சொல்லி அவள் மேலதிகாரி உத்தரவு. நான் நோட்பேடைத் திறந்தேன். கோட்டுக்கு மேலே விரல் வலிக்க எழுதினேன். உன் கண்ணில் என்ன கோளாறு, ஸ்டாண்டர்டைத் தொலைத்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்கிறாயா, நீ மூன்றாவது என்று வைத்திருப்பது நான் லேபிள் மாற்றி அனுப்பிய முதலாவதுதான், அது கூடத் தெரியாமல் எனக்கு நிறம் சொல்லித்தர வந்துவிட்டாயா, ஊத்துக்குளிக்காரிக்கு வெண்ணெய் நிறம் சொல்லித்தர நீ யார் தாயே, என்று நீளமாக. கோட்டுக்குக் கீழே: தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, ஸ்டாண்டர்டை அன்புகூர்ந்து ஒருமுறை சரிபார்க்க வேண்டுகிறோம்.

அந்த நேரம் பார்த்து மவுஸ் செத்துப்போனது. சரி, கீபோர்டில் செய்துகொள்ளலாம் என்று கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி. போர்ட்டலில் போய்க் கன்ட்ரோல் வி. அந்தப் போர்ட்டலின் பெட்டியில் கடைசி நாலு வரிதான் கண்ணுக்குத் தெரியும். தெரிந்த நாலு வரியும் தேன் மாதிரி இருந்தது. என்டர் தட்டிவிட்டேன்.

தட்டிய பிறகு முழுசாக விரிந்தது. மேல் பாதி, கோடு, கீழ்ப் பாதி, ஒன்று விடாமல். போர்ட்டலில் போட்டதை அழிக்க முடியாது. மணி பதினொன்று ஐம்பது. ஹெல்காவின் ஆபீஸ் நம் நேரத்துக்குப் பன்னிரண்டரைக்குத் திறக்கும். நாற்பது நிமிஷம் இருக்கிறது.

"தமிழ்தானே, அவளுக்கு எங்கே புரியப்போகுது?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரி கேட்டுவிட்டாள். "இல்லீங்க்கா, இப்பெல்லாம் ஒரு தட்டு தட்டுனா இங்கிலீஷ்ல வந்துருமுங்க" என்றாள். சோதித்துப் பார்த்தோம். நான் திட்டியதெல்லாம் ஏதோ பக்திப் பாட்டு மாதிரி குழம்பி வந்தது. லேபிள் மாற்றிய வாக்குமூலம் மட்டும் கோர்ட்டில் படிக்கலாம் போலத் தெளிவாக வந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து விக்கலாகிவிட்டது.

ஆபீஸே என் சீட்டைச் சுற்றிக் கூடிவிட்டது. இருபது கமென்ட் போட்டு அதைக் கீழே தள்ளிவிடலாம் என்றார் ஒருவர். வைரஸ் என்று சொல்லலாம் என்றார் இன்னொருவர். வேலையை விட்டுப் போன யாரோ பழிவாங்க எழுதியதாகச் சொல்லலாம் என்றார் ஒரு மகாராசன். வைரஸுக்கு என் ஊர் ஊத்துக்குளி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதலாளி கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங் சாந்தாமணி, அப்ரூவல் வந்துருச்சுங்களா? கூட்டமா நிக்கறாங்க?" என்று சந்தோஷமாகக் கேட்டார். "வந்துட்டே இருக்குதுங்க" என்றேன்.

அப்போது மரியசெல்வியின் போன். "ஏக்கா, ஆளுவ எல்லாம் கேக்காவ. பக்கத்து யூனிட்டுக்காரன் வாசல்லயே வந்து நிக்கான், கையோட கூட்டிட்டுப் போவேங்கான். இருக்கச் சொல்லட்டா, போகச் சொல்லட்டா?"

வரும், இருக்கச் சொல்லு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "நெசத்தச் சொல்லுங்கக்கா. வரும் வரும்னு மூணு வாரமாச் சொல்லியாச்சு. இன்னைக்கும் பொய்யச் சொல்லி உக்கார வச்சேன்னா நாளைக்கு எவளும் என் மூஞ்சில முழிக்க மாட்டா."

நடந்ததைச் சொன்னேன். லேபிள் மாற்றியதிலிருந்து என்டர் தட்டியது வரைக்கும் ஒளிக்காமல் சொன்னேன். லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறாள்! "எக்கா, என்னக்கா இப்படிப் பண்ணிட்டீய!" என்று மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே திரும்பி முப்பது பேருக்கும் சத்தமாகச் சொன்னாள். அங்கேயும் ஒரே சிரிப்பு. கடைசியில், "சாயங்காலம் வரைக்கும் இருக்கோம்னு சொல்லுதாவ. கதை எப்படி முடியுதுன்னு பாத்துட்டுத்தான் போவாவளாம்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பொய் சொல்லாததற்கே ஒரு மாலை நேரம் கிடைத்திருக்கிறது. அதை வைரஸ் என்று சொல்லிக் கெடுக்க மனசு வரவில்லை. கூட்டத்தைப் போகச் சொல்லிவிட்டு, போர்ட்டலில் அடுத்த கமென்ட் போட்டேன். "மேலே தமிழில் இருப்பது நான் எழுதியதுதான். உங்களுக்கு அனுப்புவதற்காக எழுதவில்லை. ஆனால் லேபிள் மாற்றியது உண்மை. அது என் தப்பு, கம்பெனிக்குத் தெரியாது. திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்." மணி பன்னிரண்டு இருபது.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு அவள் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. படித்துவிட்டதாகக் குறி விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு மணி ஆனது. ஒன்றே கால் ஆனது. டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. பீரோவில் இருக்கும் என் சொந்தச் சாமான்களை எந்தப் பையில் எடுத்துப்போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்று நாற்பதுக்கு ஒரு மெயில் வந்தது. திறந்தேன். மேலே அவள் மொழியில் ஒரு பெரிய பத்தி. அதன் கீழே சமக்குறிகளால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இங்கிலீஷில் மூன்று வரி: தங்கள் கடிதம் கிடைத்தது, எங்கள் தரப்பு ஸ்டாண்டர்டில் சிறு சிக்கல் இருப்பதாக அறிகிறோம், தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

மேல் பாதியை மொழிபெயர்ப்பில் போட்டேன். "சாந்தாமணி, உன் மேல் பாதியைப் படித்தேன். இது என் மேல் பாதி. உன் முதல் டிப்பைப் பார்த்த வாரம், ஸ்டாண்டர்ட் துண்டை ஜீன்ஸ் பையில் வைத்து மறந்து, ஜீன்ஸோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். நீலம் இறங்கி அது பச்சையாகிவிட்டது. வெளியே சொன்னால் என் வேலைக்கு ஆபத்து என்று, அந்தப் பச்சையை வைத்தே உன் டிப்புகளைக் குறை சொன்னேன். மூன்றாவதுக்குப் பதில் எழுதிய பிறகுதான் முதலாவதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரட்டைக் குழந்தைகள். நீ ஏமாற்றுகிறாய் என்று தெரிந்துவிட்டது. ஆனால் உன்னைக் கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன். எனக்கு இரண்டு வாரமாகச் சரியாகத் தூக்கமில்லை. இன்றைக்கு என் மேலதிகாரியிடம் துவைத்த கதையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் சொன்னபடி மாலை வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். சுத்தமான பாதி உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நீயே பார்த்துச் சொல். எதைச் சொல்கிறாயோ அதுதான் அப்ரூவல்."

நான் போட்ட கூச்சலில் முதலாளியே எழுந்து வந்துவிட்டார். சங்கதியைச் சொன்னதும் லேபிள் விஷயத்துக்குத் திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு, "செரி, இப்ப உங்ககிட்டயே உட்டுட்டாங்கல்லங்க. நீங்கதான் மொதல்லிருந்தே ஒண்ணாவதுதான் அச்சு அசல்னு சொன்னீங்க. அதையே எழுதிப்போடுங்க, முடிஞ்சுது" என்றார்.

எழுதியிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பஷீர் பாயைக் கூப்பிட்டேன். நம்மிடம் இருந்த பாதி ஸ்டாண்டர்டை எடுத்து, நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் மூன்று டிப்போடும் வைத்துப் பார்த்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். கண்ணைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தோம். "சொல்லுங்க பாய்" என்றேன். "ஊத்துக்குளிக்காரங்க நீங்க. நீங்களே சொல்லுங்கம்மா" என்றார், மீசைக்குள் சிரித்துக்கொண்டு.

முதல் டிப்பில் சிவப்பு கூடத்தான் இருந்தது. ஒரே ஒரு பொட்டு. துவைப்பதற்கு முன்னால், நல்ல ஸ்டாண்டர்டோடு வைத்துப் பார்த்து ஹெல்கா சொன்ன அந்த முதல் வார்த்தை அப்பட்டமான உண்மை. ரோஷத்தில் என் கண்ணுக்கு அது தெரியவில்லை. நாங்கள் குறைத்து அனுப்பிய இரண்டாவதுதான் வெண்ணெய்.

நோட்பேடைத் திறந்தேன். பழக்கத்தில் சமக்குறிகளைத் தட்டிக் கோடு போட்டேன். மேலே எழுத ஒன்றும் தோன்றவில்லை. கோட்டை அழித்துவிட்டு எழுதினேன். "முதலாவதில் சிவப்பு கூடுதல். நீங்கள் சொன்னது சரி. மூன்றாவதும் அதேதான் என்பதால் அதிலும் கூடுதல். இரண்டாவதுதான் சரியான நிறம். ஊத்துக்குளிக்காரி தோற்றுவிட்டாள்." கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி. இந்தத் தடவை முழுசாகப் போகட்டும் என்றுதான் அமுக்கினேன்.

"அப்ரூவ்ட்" என்று பதில் வந்ததும் நல்லூருக்குப் போன் போட்டேன். "திங்கக்கெழம துணி சாயத்துல எறங்குது கண்ணு" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. "எல்லாரும் மிஷினுக்கு எண்ணெ விடுங்கட்டி!" என்று மரியசெல்வி போட்ட சத்தத்தில் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்தேன். முப்பது பேரும் ஓவென்று கத்தினார்கள். பக்கத்து யூனிட்டுக்காரர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டாராம். டீ வாங்கிக் கொடுத்தது மரியசெல்விதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மேல் பாதி எழுதுவதை விட்டுவிடாதீர்கள். இந்த வேலையில் மேல் பாதி எழுதாதவர்களுக்கு ரத்தக்கொதிப்பு வருவதை நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் அதற்குத் தனி ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் என் கம்ப்யூட்டரில் பதினேழு திறந்து கிடந்தது. பழைய துண்டுக்குப் புது நம்பர் மட்டும் போடாதீர்கள். எப்போதாவது கையில் சுத்தமான பாதி உங்களிடம் மட்டும் இருந்தால், பக்கத்தில் ஒரு பஷீர் பாயையும் நிறுத்தி வைத்துக்கொண்டு பாருங்கள்.

போன வாரம் வீட்டுக்கு ஒரு கூரியர் வந்தது. ஹெல்கா அனுப்பியது. உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஒரு சின்னத் துணித்துண்டு, வெளிறிப்போன பச்சை. ஜீன்ஸோடு துவைத்த அந்த ஸ்டாண்டர்ட்! இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள், படுபாவி. உறையின் மேலே நாம் ஒட்டுவது போலவே அச்சடித்த லேபிள்: "வெண்ணெய். லேப் டிப் நம்பர் நாலு. தங்கள் மேலான கருத்தை அன்புகூர்ந்து தெரிவிக்கவும்." பழைய துண்டு, புது நம்பர்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில் நோட்பேடைத் திறந்து, கோடு போடாமல், ஒரே வரி எழுதி அனுப்பினேன்.

"பச்சை மிகவும் கூடுதல். அப்ரூவ்ட்."